தண்டில் இருக்கிற 'எஸ்'

நாங்கள் கோல்ஃப் ஆடுறவர்கள் இல்லை. ஆனாலும் ஜப்பான் மட்டைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கி விட முடியாமப் போச்சு. ஹியோகோ மாகாணத்து இச்சிகாவாவில் மென் எஃகைக் காய்ச்சி அடித்து 'அயர்ன்' தலைகள் செய்கிறார்கள். மென்மையானது எண்டபடியால், ஆடுபவரின் உயரத்துக்கும் நிற்கும் விதத்துக்கும் ஏற்பக் கோணத்தை வளைக்கலாம். வெட்ஜில் 'பவுன்ஸ்' எனும் அடிப்பக்கச் சாய்வைக் கவனிக்கோணும்: இளகிய மணலுக்குக் கூட, இறுகிய தரைக்குக் குறைய.

தண்டில் 'ஆர்', 'எஸ்' எண்டு எழுத்து இருக்கும், 'எஸ்' விறைப்பானது. ஆனால் அதுக்குப் பொது அளவுகோலே இல்லை. ஒரு கொம்பனியின் 'எஸ்' இன்னொன்றின் 'ஆர்' போல வளையலாம். அதால எழுத்தை நம்பாமல் அடிச்சுப் பார்த்துத்தான் எடுக்கோணும்.

உயர்தரத்தில் 'எஸ்' எடுத்து, அந்த எழுத்தாலேயே அளக்கப்பட்ட எங்களில் சிலருக்கு இது சின்ன விசயமில்லை. எங்களையும் ஒருக்கால் செய்து பார்க்க விட்டிருக்கலாம்.