செயலாளர் 'ஆஃப்'பா, 'டு'வா?

பி.காம். மூன்றாம் வருடம் வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே காய்ச்சல்தான், கேம்பஸ் இன்டர்வியூ. பேலன்ஸ் ஷீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற பையன்கூட, "அப்பா என்ன செய்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் ஒரு நொடி திணறுவான். வங்கியில் வேலை பார்க்கிறார். இந்த 'இல்'லுக்கு ஆங்கிலத்தில் 'இன்' போடுவதா, 'அட்' போடுவதா, 'ஃபார்' போடுவதா?

மூன்றையும் போடலாம் என்பதுதான் வேடிக்கை. துறையைச் சொன்னால் 'இன்'. நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் 'அட்'. சம்பளம் கொடுக்கும் முதலாளி யார் என்று சொல்ல 'ஃபார்'. இதில் கொஞ்சம் தவறினாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

'ஆஸ்', 'லைக்' கதை அப்படி இல்லை. மேனேஜராக வேலை பார்த்தேன் என்பதற்கு 'ஆஸ் எ மேனேஜர்'. அதையே 'லைக் எ மேனேஜர்' என்றால், மேனேஜர் மாதிரி நடந்துகொண்டேன், ஆனால் மேனேஜர் இல்லை என்று ஆகிவிடும். ரெஸ்யூமில் தன் கையாலேயே தன் பதவியைப் பறித்துக்கொள்வது இதுதான் :-)

அடுத்து செயலாளர். தமிழில் சங்கத்துக்கும் செயலாளர், தலைவருக்கும் செயலாளர். ஆங்கிலத்தில் சங்கத்தை நடத்துகிறவர் 'செக்ரட்டரி ஆஃப்'. தலைவரின் கடிதங்களையும் சந்திப்புகளையும் கவனிப்பவர் 'செக்ரட்டரி டு'. 2005-ல் தொடங்கிய அமெரிக்க 'தி ஆபீஸ்' தொடரில் இது ஒரு நிரந்தர நகைச்சுவை. டுவைட் தன்னை உதவி மண்டல மேலாளர் என்று சொல்லிக்கொள்வார். மேலாளரோ நடுவில் ஒரு 'டு' சேர்த்து, மண்டல மேலாளரின் உதவியாளர் என்று இறக்கிவிடுவார். அதற்காக 'டு' என்றாலே சின்ன வேலை என்றும் நினைக்கக் கூடாது. ஒரு துறையையே கையில் வைத்திருக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரியும் 'செக்ரட்டரி டு கவர்ன்மென்ட்'தான்.

பேச்சில் தவறினால் சிரிப்போடு போய்விடும். கையெழுத்தில் தவறினால் பணம் போகும். ஒரு கம்பெனியின் செக்கை எடுத்துப் பார்த்தால், கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே 'ஃபார்' என்று போட்டு கம்பெனி பெயர் இருக்கும். அது அலங்காரத்துக்கு இல்லை. 1881-ம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 28-வது பிரிவைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறவர்கள் பலர், இந்த 'ஃபார்'ரோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. பிறர் சார்பாகக் கையெழுத்திடுகிறேன் என்றோ, எனக்குச் சொந்தப் பொறுப்பு இல்லை என்றோ காட்டாமல் ஒரு ஏஜென்ட் புரோநோட்டிலோ பில்லிலோ செக்கிலோ வெறும் பெயரை மட்டும் போட்டால், அந்தப் பணத்துக்கு அவரே பொறுப்பு என்கிறது அந்தப் பிரிவு. கடன் வாங்கியது முதலாளி, கேஸ் வருவது கையெழுத்துப் போட்டவர் மேல். ஒரே ஒரு விலக்கு உண்டு. முதலாளி மட்டும்தான் பொறுப்பாவார் என்று நம்பவைத்துக் கையெழுத்து வாங்கியவர், பிறகு அவரிடம் வந்து பணம் கேட்க முடியாது.