காவற்காரனின் கோபம்

'ஷாக்' என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? மின்சார பில்லா? தியாகராய நகரில் கேட்ட புடவை விலையா?

டாக்டர்கள் சொல்லும் ஷாக் வேறு. ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து, மூளைக்கும் இருதயத்துக்கும் போதிய ரத்தம் போகாமல் பிராணன் ஊசலாடும் நிலை அது. வேடிக்கை என்னவென்றால், நம்மைக் காப்பதற்கென்றே உடம்பில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியே சில சமயம் அந்த நிலையில் கொண்டு போய் விட்டுவிடும்!

மயிலாப்பூரில் இருக்கும் என் அத்தை, எந்த டாக்டரிடம் போனாலும், "எனக்குப் பென்ஸிலின் ஆகாது, டாக்டர்" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பாள். கண்ணாடி மாற்றப் போனாலும் இதே பல்லவி. கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. முன்பு ஒரு முறை ஒன்றும் செய்யாத அதே ஊசி, அடுத்த முறை போட்ட சில நிமிஷங்களில் அவளுக்கு உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, நாடி விழுந்துவிட்டது. டாக்டர் உடனே அட்ரினலின் போட்டார், அத்தை பிழைத்தாள்.

முதல் தடவை ஒத்துக்கொண்டது மறு தடவை எப்படிக் கொல்ல வரும்? பெசன்ட் நகர் கரையில் ஒதுங்குமே சொறி, அதற்கு உறவு கடற்சாமந்தி. அதன் விஷத்தைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஷார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேயும் நாய்களுக்குச் சிறிதளவு செலுத்திப் பார்த்தார்கள். நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கியது. 22 நாள் கழித்து அதே அளவு போட்டதும் 25 நிமிஷத்தில் மாண்டது. 1902-இல் இதற்கு 'அனாஃபிலாக்ஸிஸ்' என்று பெயர் வைத்தார்கள். ரிஷேக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது.

முதல் சந்திப்பிலேயே உடம்பு அந்தப் பொருளைப் பகைவன் என்று குறித்து வைத்துக்கொள்கிறது. மறுபடி அது நுழைந்ததும் மாஸ்ட் ஸெல்கள் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன, மூச்சுக்குழாய் சுருங்குகிறது. திருடனை விரட்ட வந்த காவற்காரன் வீட்டுக்காரரையே அடித்த கதைதான்! அட்ரினலின் இரண்டையும் திருப்புகிறது. குழாய்களை இறுக்கி, மூச்சுக்கு வழி விடுகிறது.

கிண்டிப் பூங்காவில் பார்க்கிற நாகத்தின் விஷத்துக்கு மாற்று மருந்து குதிரை ரத்தத்திலிருந்து தயாராகிறது. சிலருக்கு அதுவும் ஆகாது. அதற்காகப் பாம்பு கடித்தவருக்கு மருந்தை மறுக்க முடியுமா? அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு ஏற்றுகிறார்கள்.

ஆகவே, ஒரு மருந்தோ, வேர்க்கடலையோ, குளவிக் கொட்டோ முன்பு தொல்லை தந்திருந்தால் சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். தடிப்பும் மூச்சுத் திணறலும் மயக்கமும் சேர்ந்து வந்தால் கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்காதீர்கள். நடக்க விடாமல் படுக்க வைத்து, மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். இங்கே கெடு மணிக் கணக்கில் இல்லை, நிமிஷக் கணக்கில்தான்.