தாலுகா ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் வரட்டும்

சித்தப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். படுக்கையில் நாலு மணி நேரம். பஸ்ஸில் போக வர அதைவிடக் கூடுதல். முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சைக்குக் காசில்லை, சரி. கூடப் போகும் சித்திக்கு அன்றைய கூலி போகிறதே, அதை யார் தருவது? முடித்து எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். அந்த நிலையில்தான் பஸ் ஏற வேண்டும்.

தாலுகா மருத்துவமனையில் மெஷினை மட்டும் இறக்கினால் ஆகாது. ஒரு தடவைக்கே நூறு லிட்டருக்கு மேல் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ. பிளான்ட், தடையில்லாத கரண்ட், பயிற்சி பெற்ற டெக்னீஷியன் எல்லாம் வேண்டும். திறப்பு விழா போட்டோவில் இவை தெரியாது.

வீட்டிலேயே செய்துகொள்ளும் வழியும் உண்டு. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வயிற்று வழி டயாலிசிஸுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எல்லோருக்கும் அது ஒத்துவராது. ஒத்துவருகிறவர்களிடமாவது டாக்டர்கள் இதை முதலிலேயே சொல்லலாம் இல்லையா?