உள்ளே இடம் விட்டுக் கட்டுங்கள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்களுக்கு, ஊர் வருமுன்னே கோபுரம் கண்ணில் பட்டுவிடும். 11 நிலை, 192 அடி. அரசு முத்திரையில் இருப்பது வடபத்ரசாயி கோயிலின் இந்தக் கோபுரம்தான் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பெருமையாகச் சொல்வார்கள். இத்தனை உயரம் எப்படி நிற்கிறது என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

அடியில் கருங்கல். அதற்கு மேலே செங்கலும் சுண்ணாம்புக் காரையும். கனமானது கீழே இருக்க வேண்டும், ஏற ஏற எடை குறைய வேண்டும் என்பது நம் ஸ்தபதிகளின் கணக்கு. கோபுரத்தின் உள்ளே போனால் இன்னொன்று விளங்கும். வெளியிலிருந்து மலைபோல் தெரிவது, உள்ளே நிலைக்கு நிலை கூடமாக இருக்கிறது. ஒவ்வொரு நிலையின் நடுவிலும் வாசல் விட்டிருப்பதால் வெளிச்சமும் காற்றும் ஊடுருவிப் போகின்றன. முழுக்கக் கல்லால் எழுந்த தஞ்சைப் பெரிய கோயில் விமானமும் உள்ளே கூடுதான்.

எகிப்தில் கீசாவில் உள்ள கூஃபு மன்னனின் பிரமிடு இதற்கு நேர்மாறானது என்று தோன்றும். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 23 லட்சம் கற்களை அடுக்கி 146 மீட்டர் உயர்த்தியது. உள்ளே குனிந்து ஏறும் குறுகிய வழி. பிறகு 47 மீட்டர் நீளமுள்ள உயர்ந்த நடைக்கூடம். அதன் முடிவில் மன்னனின் அறை. அறைக்கான கருங்கல்லை, 800 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அஸ்வானிலிருந்து நைல் ஆற்றில் படகேற்றிக் கொண்டுவந்தார்கள். அறையின் கூரை ஒன்பது பெரும் கற்பாளங்கள். அவற்றின் மேல் அத்தனை பாரமும் நேரே இறங்கிவிடாமல், ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து வெற்று அறைகளை விட்டு, உச்சியில் கற்களைக் கூரைபோல் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். பாரத்தைப் பக்கங்களுக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு இது. கூரைக் கற்களில் விரிசல் உண்டு. ஆனாலும் அறை இன்றுவரை நிற்கிறது. யார் கண்ணுக்கும் படாத அந்த வெற்று அறைகளில், வேலையாட்கள் தங்கள் குழுவின் பெயரைச் செஞ்சாந்தால் எழுதிவைத்தார்கள்.

கடல் கடந்த இரண்டு தேசத்துக் கட்டடக்காரர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே உண்மைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். உயரமாகக் கட்ட நினைப்பவன் உள்ளே இடம் விட வேண்டும்.

இன்றைய குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு இது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூடம் விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் பாட்டு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை போட்டித் தேர்வுப் பயிற்சி. பிள்ளையின் நாளில் ஒரு மணி நேரம்கூடச் சும்மா இல்லை. உயர வேண்டும் என்றுதான் பெற்றோர் இத்தனையும் செய்கிறார்கள். ஆனால் முதல் தோல்வியின் பாரம் வந்து இறங்கும்போது, அதைத் தாங்கிப் பக்கவாட்டில் தள்ளிவிட அந்தப் பிள்ளைக்குள் இடமே இருப்பதில்லை.

என் தகப்பனார் பருத்தி வியாபாரம் பார்த்தவர். பகலெல்லாம் ஓட்டம். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பரீட்சையில் மார்க் குறைந்ததை நான் சொன்னதும், கல்யாணப் பேச்சில் தனக்கு இஷ்டமில்லை என்று அக்கா சொன்னதும் அந்தத் திண்ணையில்தான். அவர் உடனே புத்தி சொல்ல ஆரம்பித்திருந்தால் நாங்கள் வாய் திறந்திருக்க மாட்டோம்.

சும்மா இருப்பதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. கருங்கல் அடித்தளம் இல்லாமல் கூடம் மட்டும் கட்டினால் அது நிற்காது. உழைப்பு, நாணயம், சொன்ன சொல் தவறாமை இவை அடியில் இருக்க வேண்டும். அதன் மேல் கட்டும்போது இடம் விடுங்கள். பிள்ளைக்கு விளையாட ஒரு மாலைப் பொழுது, மனைவி பேசி முடிக்கும்வரை குறுக்கிடாத பொறுமை, வருமானத்தில் தொடாமல் வைக்கும் ஒரு பங்கு, வயதானவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்கும் பழக்கம். இவை வீண் அல்ல. வீட்டின் பாரத்தைச் சுமப்பவை இவைதான்.