துவாயைத் தளர்த்தும் நேரம்

நாயின் காலை எடுத்தால்தான் உயிர் தப்பும் என்று மிருக வைத்தியர் சொன்னதும் வளர்ப்பவர் வாயில் வரும் முதல் கேள்வி, "இனி இது எப்படி நடக்கும்?" என்பதே. கொழும்புக் கொச்சிக்கடைக்காரருக்கு அதன் விடை தெருவிலேயே இருக்கிறது. துறைமுகத்துக்குப் போய்வரும் கொள்கலன் லொறிகளும் ஓட்டோக்களும் தள்ளுவண்டிகளும் முண்டியடிக்கும் இந்த வட்டாரத்தில் மூன்று காலோடு திரியும் நாய்கள் எப்போதும் உண்டு. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை 2006இல் அரசு கைவிட்டு, கருத்தடைக்கும் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசிக்கும் மாறிய பிறகு, அவற்றில் சில வயதாகும்வரை வாழ்வதையும் பார்க்கிறோம். அந்தோனியார் கோயிலுக்கு வரும் சனத்தின் காலடியில் படுத்திருந்துவிட்டு, பாண் துண்டைக் கண்டதும் துள்ளி ஓடுகிற நாய்க்கு எத்தனை கால் என்று இங்கே யாரும் எண்ணுவதில்லை.

ஆனால் தெருநாய் எப்படியோ பிழைத்துக்கொண்டது என்பது வேறு, நம் வீட்டு நாயை நோவில்லாமல் பிழைக்கவைப்பது வேறு. சத்திரசிகிச்சை சில மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற வாரங்கள் முழுக்க வீட்டுக்காரருடையவை. எங்கள் சூட்டியின் இடது பின்னங்கால் ஒரு லொறிச் சில்லுக்குள் அகப்பட்டபோது எலும்போடு நரம்பும் இரத்தக் குழாயும் சிதைந்து போயின. முழங்காலுக்குக் கீழே மட்டும் எடுக்க முடியாதா என்று வைத்தியரிடம் கெஞ்சினேன். பாதிக் காலை விட்டுவைத்தால் நாய் அதை ஊன்றத்தான் பார்க்கும், தோல் உரிந்து புண்ணாகும், அந்தப் புண் ஆறவே ஆறாது என்றார். அதனால்தான் பின்னங்காலை நடுத்தொடையிலோ இடுப்பு மூட்டிலோ எடுக்கிறார்கள். முன்னங்கால் என்றால் பெரும்பாலும் தோள்பட்டை எலும்போடு சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். பார்ப்பதற்குக் கொடூரமாகத் தெரிகிற இந்த முடிவு, நாய்க்கு மிச்சமிருக்கிற ஆயுளை நினைத்து எடுக்கப்படுவது.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் இரவுதான் மிகக் கடினமானது. மயக்க மருந்தும் பலமான நோ மருந்தும் உடம்பிலிருந்து இறங்கும்போது நாய் முனகும், வெறித்துப் பார்க்கும், இடம் மாறி மாறிப் படுக்கும். அவ்வளவும் நோவினால் வருவது என்று நினைத்து நாம் பதறிப்போவோம். அதில் பாதி மருந்தின் குழப்பம் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தால் மனது கொஞ்சம் நிதானப்படும். இரண்டு மூன்று நாள் மலம் கழிக்காமல் இருப்பதும் அந்த மருந்துகளால் நடப்பதுதான். சிறுநீர் மட்டும் ஒரு நாளுக்கு மேல் போகவில்லை என்றால் உடனே வைத்தியரைக் கூப்பிட வேண்டும். தரையோடு ஒரு பாய், அதன் மேல் மடித்த போர்வை, எட்டும் தூரத்தில் தண்ணீர், பக்கத்தில் ஒரு மனிதர். முதல் இரவுக்கு வேறொன்றும் தேவையில்லை.

அடுத்த நாள் காலையில்தான் எங்கள் வீட்டுத் தரை எவ்வளவு பொல்லாதது என்று கண்டேன். கொச்சிக்கடையின் பழைய வீடுகளுக்குச் சிவப்புச் சீமெந்துத் தரைதான் அழகு. தலைமுறை தலைமுறையாகப் பொலிஷ் போட்டுத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கி வைத்திருப்போம். சூட்டி எழுந்தாள். மிச்சமிருந்த ஒரு பின்னங்கால் வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. நகங்கள் தரையைச் சுரண்டும் சத்தம் கேட்டது. அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிட்டாள். அவளுடைய உடம்பில் குறையில்லை, பிடி கொடுக்காத தரையில்தான் குறை. வழுக்கி விழுந்த நாய் அடுத்த முறை எழுந்திருக்கவே பயப்படும், அந்தப் பயம் காயத்தைவிட மெதுவாக ஆறும். அன்றைக்கே ரப்பர் விரிப்புகளும் தும்புத் தடுக்குகளும் வாங்கி, படுக்கையிலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்கும் அங்கிருந்து பின்கதவுக்கும் ஒரு பாதை போட்டோம். விரல்களுக்கிடையில் வளர்ந்திருந்த முடியைக் கத்தரித்தோம், நகங்களைக் குறைத்தோம். பாதத்தின் மெத்தை தரையைத் தொட்டால்தான் பிடி கிடைக்கும். மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகையை வைத்து அடைத்தோம்.

நாய்கள் தம் எடையில் ஏறத்தாழ 60 வீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகின்றன. அதனால் பின்னங்கால் போன நாய் சீக்கிரம் சமாளித்துக்கொள்ளும். மிஞ்சியிருக்கும் பின்னங்கால் மெல்ல மெல்ல உடம்பின் நடுக்கோட்டுக்கு நகர்ந்து, முக்காலியின் மூன்றாவது கால் மாதிரி நின்றுகொள்ளும். முன்னங்கால் போன நாய் ஒவ்வோர் எட்டுக்கும் தலையைத் தூக்கித் தூக்கிப் போட வேண்டியிருப்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதலான காலமும் துணையும் தேவை. எந்தக் கால் போனாலும், பழகும்வரை வீட்டில் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி ஒரு பழைய துவாயில் இருக்கிறது.

பின்னங்கால் போன நாய் என்றால் துவாயை வயிற்றுக்குக் கீழே குறுக்காகக் கொடுத்து, இரண்டு முனைகளையும் முதுகுக்கு மேலே ஒரு கையில் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தையலில் உரசக் கூடாது. தூக்கவும் கூடாது, விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். முதலில் நாயின் பின்பாரம் முழுவதும் நம் மணிக்கட்டில் இறங்கும். பின்வாசலுக்குப் போய்வருவதற்குள் கை கடுக்கும். பிறகு ஒரு நாள், நாலைந்து எட்டு வைக்கும்வரை துவாய் கனக்காமலே கூட வரும். அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இறுக்கிப் பிடித்தபடியே இருந்தால் நாய் நம் கையில் சாய்ந்துகொள்ளப் பழகிவிடும், காலில் பலம் ஏறாது. சட்டென்று விட்டுவிட்டால் விழும். கையில் விழும் கனம் குறையக் குறைய, அதே அளவுக்குத் துவாயைத் தளர்த்த வேண்டும். அன்பு எவ்வளவு இருந்தாலும் அதைக் கையளவில் கூட்டிக் குறைக்கத் தெரியாவிட்டால் நோயாளிக்கு அது உதவாது என்று அந்தத் துவாயைப் பிடித்தபடிதான் நான் விளங்கிக்கொண்டேன்.

காயத்தைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நக்க விடுங்கள், நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்பது அதில் முதலாவது. இந்த நம்பிக்கைக்குப் பின்னால் பழைய பாசம் இருக்கிறது. தொடைப் புண்ணோடு நிற்கும் புனித ஆரோக்கியநாதரின் சுரூபத்தில் அப்பத்தைக் கவ்விக்கொண்டு ஒரு நாய் நிற்கும், அந்தப் புண்ணை நக்கி ஆற்றியது அந்த நாயே என்றும் கதை உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுப்பித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும் இருக்கிற ஊர் இது; சிவன் கோயிலில் பைரவருக்குப் பக்கத்தில் நிற்பதும் நாய்தான். நாய்க்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்த சனங்கள் அதன் எச்சிலையும் மருந்தாக எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் தையல் போட்ட காயத்தை நக்கினால் தையல் பிரியும், கிருமி ஏறும். நக்காமல் தடுக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு, நாய் எவ்வளவு வெறுத்தாலும், 10 முதல் 14 நாளில் தையல் வெட்டும்வரை இருந்தே ஆக வேண்டும்.

இரண்டு விஷயங்கள் பார்ப்பவரைப் பயமுறுத்தும். காயத்தைச் சுற்றி ஊதா நிறத்தில் கன்றிப்போய், பிறகு அந்த நிறம் வயிற்றுப் பக்கமாக இறங்கி மஞ்சளாகும். அது தானாக மறையும். தோலுக்கடியில் நீர் கோத்து மெத்தென்று ஒரு வீக்கமும் வரலாம். பெரும்பாலும் அதுவும் வற்றிவிடும், ஆனாலும் வைத்தியருக்குக் காட்டிவிடுவது நல்லது. சூடும் சிவப்பும் கெட்ட மணமும் இருந்தால் பொறுக்கவே கூடாது. நம் ஊரின் வெக்கைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, ஈ. ஈரக் காயத்தில் ஈ உட்கார்ந்தால் புழு வைக்க அதிக நேரம் ஆகாது. சூட்டி படுக்கும் இடத்தில் நுளம்பு வலையைக் கட்டி, மின்விசிறியைப் போட்டு, காலையும் மாலையும் காயத்தை வெளிச்சத்தில் பார்த்தோம்.

நோவை நாய் சொல்லாது, காட்டும். வெயிலும் ஓட்டமும் இல்லாமலே இளைக்கும், நடுங்கும், மூலையில் போய் ஒளியும், சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காது. அப்போது கை தானாக மருந்துப் பெட்டிக்குப் போகும். இலங்கையில் பனடோல் இல்லாத வீடு இல்லை. வைத்தியர் சொல்லாமல் அதையோ, மனிதருக்கான இபுபுரூஃபன் போன்ற வேறெந்த நோக் குளிசையையுமோ நாய்க்குக் கொடுக்கக் கூடாது. ஈரலும் சிறுநீரகமும் இரைப்பையும் கெட்டு உயிரே போகலாம். எடுத்த கால் இருந்த இடத்தில் நோகிற விசித்திரம் மனிதருக்கு உண்டு. நாய்களுக்கும் அது வரலாம் என்று மிருக வைத்தியர்கள் கருதுகிறார்கள். ஆறிய பிறகும் திடீரென்று துள்ளி எழுந்து காயப் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தால் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும், அதற்கென மருந்து இருக்கிறது.

எங்கள் தெருவில் நடைபாதை வியாபாரம் செய்யும் ஓர் ஐயா சீனி வருத்தத்தில் ஒரு பாதத்தை இழந்தவர். ஜெய்ப்பூர் செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்பார். சூட்டியைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் ஒரு கால் செஞ்சு போடலாமே மகன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய அந்தக் காலை, 1831இல் தொடங்கிய கொழும்பு ஃபிரெண்ட் இன் நீட் சங்கம் 1985 முதல் இங்கே செய்து கொடுக்கிறது. யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் உண்டு. கண்ணிவெடியில் கால் போன எத்தனையோ பேரை அது எழுப்பி நடக்கவைத்தது. மனிதருக்கு இரண்டில் ஒன்று போனால் செயற்கைக் கால் அவசியம். நாய்க்கு மூன்று மிஞ்சுகிறது. அடியோடு எடுத்த இடத்தில் செயற்கைக் காலைப் பொருத்த ஆதாரமும் இல்லை, பெரும்பாலான நாய்களுக்கு அது வேண்டியதும் இல்லை. இதைச் சொன்னதும் அவர் குனிந்து அவள் தலையைத் தடவி, "அப்ப இவ என்னை விடக் கெட்டிக்காரி" என்றார். அவர் குரலில் பரிதாபம் இல்லை. பரிதாபப்படாமல் அவளோடு முதலில் பேசியவர் அவர்தான்.

மற்றவர்கள் பரிதாபத்தைச் சாப்பாடாகக் கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா கோழித்தோலும் சோறும், எதிர்வீட்டிலிருந்து பொரித்த மீன், கடையிலிருந்து பணிஸ். "பாவம், ஒரு கால் இல்லாத புள்ள, சாப்பிடட்டும்" என்பார்கள். யாரையும் நோகடிக்காமல் இதை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலையாக இருந்தது. நான்கு கால் தாங்கிய எடையை மூன்று கால் தாங்குகிறது. ஒவ்வொரு கிலோவும் மிச்சமுள்ள மூட்டுகளில்தான் ஏறும். கால் எடுத்த 64 நாய்களின் வீட்டுக்காரர்களிடம் கேட்டு அமெரிக்காவில் 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாயின் சுபாவம் மாறவே இல்லை என்றவர்கள் 58 பேர். மறுபடி அந்த நிலை வந்தாலும் இதே முடிவைத்தான் எடுப்போம் என்றவர்கள் 55 பேர். அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது: சத்திரசிகிச்சையின்போது எடை கூடியிருந்த நாய்களின் வாழ்க்கைத் தரம் பிறகு குறைவாக இருந்தது. விலா எலும்பைக் கையால் தடவி எண்ண முடிய வேண்டும், அதுதான் அளவு. அக்காவிடம் கோழித்தோலுக்குப் பதிலாக அவித்த பூசணித் துண்டு கேட்டோம். மனதாரக் கொண்டுவந்தார்.

தையல் வெட்டிய பிறகு நடை. நீண்ட நடை ஒன்றைவிட ஐந்து ஐந்து நிமிடமாகப் பல நடைகள் நல்லவை. மூன்று காலில் போவது துள்ளல் நடை, சீக்கிரம் களைக்கும். காலை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். சூட்டிக்கு இனிமேல் கழுத்துப்பட்டியும் கயிறும் கட்டாயம். பழைய வேகம் இருப்பதாக நினைத்துத்தான் அவள் வீதியைக் கடக்கப் பார்ப்பாள், லொறி அதைக் கணக்கில் எடுக்காது.

காலை எடுப்பது எல்லா நாய்க்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். மற்ற மூட்டுகளில் வாதம் இருந்தால், உடம்பு மிகப் பாரமாக இருந்தால், எலும்புப் புற்றுநோய் ஏற்கெனவே நுரையீரலுக்குப் போயிருந்தால் முடிவு வேறாகலாம். அதை வைத்தியரோடு உட்கார்ந்து பேச வேண்டும். மிஞ்சும் மூன்று காலும் நன்றாக இருக்கின்றனவா, எடை எவ்வளவு, நோ மருந்து எத்தனை நாளைக்கு, இரவில் ஏதும் நடந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேளுங்கள். இவற்றுக்கு நல்ல பதில் கிடைத்தபின்னும், ஒரு கால் இல்லாத நாயைப் பார்க்க மனம் தாங்குமா என்ற பயத்தினால் மட்டும் கையெழுத்துப் போடத் தயங்கி நிற்பவர் யாராவது இதை வாசித்தால், அவருக்கு என்னால் சொல்லக்கூடியது ஒன்றுதான். தாங்கும். நாய் தன் காலைத் தேடி உட்கார்ந்திருக்காது, எழுந்து நிற்கப் பார்க்கும். எழும் இடத்தில் வழுக்காத தரையும், விழாமல் பிடிக்க ஒரு கையும், அந்தக் கையை உரிய நேரத்தில் எடுத்துக்கொள்ளும் தைரியமும் இருந்தால் அதற்குப் போதும். முதலில் வீட்டில் தடுக்கை விரித்துவிட்டு வைத்தியரிடம் போங்கள்.