போர்டு சாகவில்லை, தம்பி

ஒரு பையனிடம் தவறாகச் சொன்னேன். தவறென்று தெரிந்த பிறகும் திருத்திச் சொல்லவில்லை. இந்த இரண்டாவதுதான் என் குற்றம்.

கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, தன் ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற ஃபர்ம்வேரை ஏற்றும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. அதன் பிறகு ரவுட்டர் எழவே இல்லை. என்னிடம் கொண்டுவந்தான். இதற்கு ஒரு வழி உண்டு. மூடியைக் கழற்றினால் பல ரவுட்டர்களின் போர்டில் டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட் என்று சீரியல் முனைகள் இருக்கும். யுஎஸ்பி-சீரியல் அடாப்டரை அங்கே கோத்தால், ஃபர்ம்வேர் போன பிறகும் யூ-பூட் என்ற பூட்லோடரைப் பிடித்துவிடலாம்.

அடாப்டரை 3.3 வோல்ட்டில் வைத்தேன். டிஎக்ஸை ஆர்எக்ஸுக்கு மாற்றிக் கோத்தேன். விசிசியைத் தொடவில்லை. லினக்ஸில் டிமெசெக் போட்டதும் டிடிஒய்யுஎஸ்பி0 தெரிந்தது. அனுமதி இல்லை என்றபோது டயல்அவுட் குழுவில் என் பெயரைச் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வந்தேன். சீரியல் டெர்மினலான மினிகாமில் வேகம் 115200. பவர் கொடுத்ததும் திரையில் எழுத்துகள் கொட்டின. தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பூட்டை நிறுத்த ஏதாவது ஒரு கீயை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். எண் இறங்கிக்கொண்டே போனதே தவிர, எந்தக் கீக்கும் நிற்கவில்லை.

"ஆர்எக்ஸ் போயிடுச்சு தம்பி, இனி போர்டு தேறாது."

"நான்தான் கெடுத்துட்டேனாண்ணா?"

தலையாட்டினேன்.

அதற்கு முன் ஒரு சோதனை செய்திருக்க வேண்டும். அடாப்டரின் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிட்டு டைப் செய்தால், அடித்த எழுத்து திரைக்குத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கோளாறு நம் பக்கம். இதை வெகுநாள் கழித்து, வேறொரு போர்டும் அதேபோல் முரண்டு பிடித்தபோதுதான் செய்தேன். எழுத்து வரவில்லை. மினிகாமின் சீரியல் போர்ட் செட்டப்பைத் திறந்தேன். 'ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல்: எஸ்' என்றிருந்தது. அப்படியிருந்தால், எதிர்ப்பக்கம் சிடிஎஸ் கம்பியில் சம்மதம் தரும்வரை கணினி ஓர் எழுத்தையும் அனுப்பாது. மூன்று கம்பி இணைப்பில் அந்தக் கம்பியே கிடையாது. அதனால் வருவதெல்லாம் வரும், நாம் அடிப்பது மட்டும் போகாது. எஃப் கீயைத் தட்டி 'நோ' ஆக்கினேன். அடித்த எழுத்து உடனே திரும்பி வந்தது.

அன்று மாலையே அவனிடம் போயிருக்கலாம். ரவுட்டரை எப்போதோ பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டான் என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. எங்கள் தெருவில் இந்த மாதிரி விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்த மரியாதையை இழக்க எனக்கு மனமில்லை. ரவுட்டர் போனது பெரிதல்ல. தன் கை பட்டால் பொருள் கெட்டுவிடும் என்று அவன் நம்பிவிட்டான். அதன்பின் எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. அந்த நம்பிக்கையை அவனுக்குக் கொடுத்தவன் நான்.

இது அச்சாகி அவன் கைக்குப் போகும் முன், நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன். அடாப்டரையும் கொண்டுபோய், அந்தக் கம்பிச் சோதனையை அவன் கையாலேயே செய்யவைக்க வேண்டும்.