தாழ்ந்த தீவில் உயர்ந்த கோபுரங்கள்

கொழும்பில் பேரை வாவிக் கரையிலே, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கும் அல்ரெயர் என்னும் இரட்டை மாடத்தை வாசகர் பலர் அண்ணாந்து பார்த்திருப்பர். அத்தகைய சொகுசு மனைகளுக்கு மின்தூக்கி வேண்டும், குளிரூட்டி வேண்டும், இரவெல்லாம் விளக்கு வேண்டும். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு எங்கே பிறக்கிறது என்பதை அறிய விரும்புவோர் மன்னாருக்கு வருதல் வேண்டும்.

மதவாச்சியிலிருந்து மேற்கே வரும் பாதை, பெருநிலம் முடிந்ததும் தாம்போதியில் ஏறுகின்றது. இருபுறமும் ஆழமற்ற கடல். பருவகாலமாயின் செந்நாரைக் கூட்டம் நீரில் நிற்பதைக் காணலாம். தீவுக்குள் நுழைந்தால் பனை, மணல், தெருவை எவருக்கும் விட்டுக்கொடாத கழுதைகள்! பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தைப் பாராது மாணவர் திரும்பலாகாது. ஆபிரிக்க நிலத்துக்குரிய அம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். உயரத்தை நாடாது பருமனையே நாடிய மரம் அது. பலர் கைகோத்தாலன்றிச் சுற்றி அணைக்க முடியாது. 

ஆயினும் தென்கரையை அடைந்ததும் காட்சி மாறுகின்றது. தம்பபவனி எனப் பெயரிய காற்றாலைத் தொகுதி அங்கே நிற்கின்றது. இலங்கை மின்சார சபை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு அமைத்து 2020 டிசம்பரில் திறந்தது. முப்பது கோபுரங்கள்; மொத்தம் 103.5 மெகாவாட் வலு. ஒவ்வொன்றின் இறக்கைகளும் சுழலும் வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். அவற்றின் காலடியிலே மீனவர் வாடிகளும் கரைவலைப் பாடுகளும் சிறுத்துத் தோன்றுகின்றன. நடுக்குடா உபநிலையத்தில் திரளும் மின்சாரம் அநுராதபுரம் வழியாக நாடெங்கும் பாய்கின்றது.

கொழும்பிலே உயரம் வந்தபோது தாழ்ந்த குடிசைகள் இடம்பெயர்ந்தன. 2001 இல் எழுந்த 14 மாடிச் சஹஸ்புரவுக்கு வத்தைகளில் வாழ்ந்தோர் குடியேற்றப்பட்டனர். அவர்கள் விட்ட நிலம் வணிகத்துக்காயிற்று. மன்னாரிலோ மனிதர் பெயரவில்லை, நீர் பெயர்ந்துவிட்டது என்கின்றனர் ஊரவர். தட்டையான மணல்தீவு இது. மழைநீர் தன் பழைய வழியே கடலுக்கு வடிய வேண்டும். கோபுரங்களுக்காக மேடுறுத்திய பாதைகள் அவ்வழியை மறித்தன, மீன்பாடும் குறைந்தது என்பது அவர்களின் முறைப்பாடு. இக்கரையை ஒட்டிய வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாயிற்று. வலசைப் பறவைகளைக் குறித்த கவலையும் உண்டு.

மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்கவிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. வேறு புதிய கோபுரங்களையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து அவ்வாண்டு ஆகஸ்டில் ஊர் திரண்டது. அரசு பணியை ஒரு மாதம் நிறுத்திவைத்துப் பின்னர் தொடரப் பணித்தது.

காற்றாலை தீதென்று நான் கூறேன். நிலக்கரிப் புகையினும் அது நன்றே. ஆனால் வடிகால் எங்கே என்பதைக் கோபுரத்துக்கு இடம் குறிக்குமுன் ஊராரிடம் கேட்டிருக்கலாம். அதற்குப் பெருஞ்செலவும் இல்லை.

மாணவரை அழைத்துவர எண்ணும் ஆசிரியர்கள் கார்த்திகை, மார்கழியில் வருவது நலம். பாதை சற்றுச் சேறாயிருக்கும். எனினும் முற்றத்து நீர் எப்பக்கம் ஓடுகின்றது, எங்கே தேங்குகின்றது என்பதை அப்பொழுதே நேரிற் காணலாம்.